லயத்து அடுப்புப் புகையும் பிள்ளையின் நெஞ்சும்

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து லயக் காம்பராக்களில் அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு சுவர்தான். மழைக்கு நனைந்த இறப்பர் விறகு எரிவதைவிடப் புகைவதே அதிகம். பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுவதால் புகையும் கூடுதலாக உள்ளே போகும். இருமல், இழுப்பு, நிமோனியா வரை கொண்டுபோய் விடும். 2020இல் மட்டும் வீட்டுக்குள் புகையும் அடுப்புகளால் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 237,000க்கும் அதிகமான பிள்ளைகள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

விறகைச் சிறிதாகப் பிளந்து, சாரல் படாத இடத்தில் இடைவெளி விட்டு அடுக்கிக் காயவிடுங்கள். அடுப்பு மூட்ட ஒட்டுப்பாலோ பொலித்தீனோ வேண்டவே வேண்டாம். சட்டென்று பற்றும், ஆனால் அந்தக் கறுப்புப் புகை பொல்லாதது. சமைக்கும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்காதீர்கள், வாசலில் பாட்டியிடம் கொடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு நுளம்புச் சுருள் கொளுத்துவதும் புகைதான், வலையே மேல்.

மூச்சு விடும்போது பிள்ளையின் விலா உள்ளே இழுத்தால் கைமருந்து பார்க்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.