நெடிய ஆட்டமும் குறிய ஆட்டமும்

பாட்டின் அடியளவு கொண்டு தொகை வகுத்த மரபு நம்முடையது. 4 அடி முதல் 8 அடி வரையுள்ள அகப்பாட்டுக்களைக் குறுந்தொகை எனவும், 9 முதல் 12 அடி வரையுள்ளவற்றை நற்றிணை எனவும், 13 முதல் 31 அடி வரையுள்ளவற்றை நெடுந்தொகை எனவும் முன்னோர் தொகுத்து வைத்தனர். இம்மூன்றனுள் எது உயர்ந்தது என்று எம் வகுப்பில் ஒருவர் வினவினார். ஆசிரியர் நகைத்து விடுத்தார். ஆயின், அதே வினாவைக் கிரிக்கெட்டு ஆட்டத்தைக் குறித்து விடுதி முற்றத்தில் எழுப்பிப் பாருங்கள். நகைத்து விடுப்பார் ஒருவரும் இலர். இரவு விளக்கணைக்கும் மணி அடித்த பின்னும் அவ்வழக்குத் தீர்வதில்லை. அவ்வழக்கையே ஈண்டு யாம் சிறிது ஆராயப் புகுந்தோம்.

முதற்கண் அளவை நோக்குவோம். டெஸ்டு ஆட்டத்திலே ஒரு நாளைக்கு 90 ஓவர் வீதம் ஐந்து நாளைக்கு 450 ஓவர். பந்துகளாக எண்ணின் 2,700. ஒருநாள் ஆட்டத்தில் இரு கட்சிக்கும் சேர்த்து 100 ஓவர். இருபது ஓவர் ஆட்டத்திலோ 40 ஓவர், அதாவது 240 பந்துகளே. நெடிய ஆட்டத்தின் பதினொன்றில் ஒரு கூறும் ஆகாது இது. ஒரு பந்தாளர் இதில் நான்கு ஓவருக்கு மேல் வீச விதியில்லை. இந்த 24 பந்துகளைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது; வாசகர் அதனை மனத்திற் கொள்வாராக.

ஆட்டம் குறுகியது நேற்று நேர்ந்த செய்தியன்று. 1939ஆம் ஆண்டு டர்பன் நகரில் இங்கிலாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நிகழ்ந்த காலவரையறையற்ற டெஸ்டு, பத்தாம் நாள் வரை நீடித்தும் முடியாமல், இங்கிலாந்து வீரர் ஊர் திரும்பக் கப்பலேற வேண்டியிருந்தமையால் நிறுத்தப்பட்டது. கப்பல் காத்திராது; ஆட்டமே விட்டுக்கொடுத்தது. பின்னர் 1963இல் இங்கிலாந்தின் மாகாணக் கட்சிகள், காண்பார் தொகை அருகி வந்தமை கண்டு, ஒரே நாளில் முடியும் போட்டியைத் தொடங்கின. 1971ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள், மழையாற் கைவிடப்பட்ட மெல்போர்ன் டெஸ்டுக்கு ஈடாக, நாடுகளுக்கிடையே முதல் ஒருநாள் ஆட்டம் நடந்தது. இருபது ஓவர் ஆட்டம் 2003இல் இங்கிலாந்திற் பிறந்தது. 2021இல் நூறு பந்து ஆட்டமும் அங்கேயே தோன்றியது. இன்னும் குறுகப் பத்து ஓவர் ஆட்டமும் 2017 முதற்கொண்டு உண்டு. இனி எஞ்சியது நாணயம் சுண்டுதல் ஒன்றே என்று எம் பாட்டனார் எள்ளுவர்.

நம்மவர் இப்புதுமையை எதிர்கொண்ட விதம் வியப்புக்குரியது. 1975ஆம் ஆண்டு முதல் உலகக் கோப்பையில் இங்கிலாந்து 334 ஓட்டம் எடுக்க, கவாஸ்கர் 60 ஓவரும் களத்தில் நின்று 174 பந்துகளில் 36 ஓட்டம் எடுத்து ஆட்டமிழக்காமல் திரும்பினார். இன்றைய இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு கட்சி முழுவதற்கும் உரிய பந்துகளே 120 என்பதை எண்ணுக. அவ்வளவு வேறுபட்ட உள்ளம் உடைய நாடு, எட்டாண்டு கழித்து 1983இல் அக்கோப்பையையே வென்றது. இறுதியாட்டத்தில் இரு கட்சியிலும் மிகுதியான ஓட்டம் எடுத்தவர் நம் சென்னை ஸ்ரீகாந்த், 38. இருபது ஓவர் ஆட்டத்தின் முதல் உலகப் போட்டி 2007இல் நடந்தபோதும் மூத்த வீரர் மூவர் செல்லாதொழிய, தோனி என்னும் இளைஞரின் தலைமையில் ஒரு கட்சி சென்று வென்று மீண்டது. அடுத்த ஆண்டே ஐ.பி.எல். போட்டி தோன்றிற்று. விரும்பாமல் ஏற்று, ஏற்றபின் அதிலேயே அமிழ்தல் நம் இயல்பு போலும்.

இனி நம் ஊருக்கு வருவோம். நெடிய ஆட்டத்தின் பெருமை பேசுவார்க்குச் சேப்பாக்கத்தைவிடச் சிறந்த சான்று வேறில்லை. இந்தியா தன் முதல் டெஸ்டு வெற்றியைப் பெற்றது 1952 பிப்ரவரியில் இங்கேயே. வினூ மன்கட் அவ்வாட்டத்தில் 12 விக்கெட்டு வீழ்த்தினார். 1986 செப்டம்பர் 22ஆம் நாள் ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்டு இங்கேயே சமனாய் முடிந்தது. டெஸ்டு வரலாற்றில் அத்தகைய முடிவு இரண்டே; முன்னையது 1960இல் பிரிஸ்பேனில். டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் 210 ஓட்டம் எடுத்து, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டதும் அவ்வாட்டத்தில்தான். எம் பாட்டனார் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் உழைத்தவர். அன்று திங்கட்கிழமை. அவருக்கு இரவு ஷிப்டு. பகலில் உறங்க வேண்டியவர் வானொலியின் முன் அமர்ந்திருந்தாராம். இறுதி ஓவரில் நான்கு ஓட்டம் வேண்டியிருந்தது. சாஸ்திரி மூன்று எடுத்துச் சமன் செய்து மறுமுனைக்குச் சென்றார். மணிந்தர் சிங் கடைசிக்கு முந்திய பந்தில் ஆட்டமிழந்தார். 348 வேண்டியவிடத்து 347. பாட்டனார் அன்றிரவு உறக்கமின்றியே எந்திரத்தின் முன் நின்றார். "ஐந்து நாள் கூட இருந்தேனடா தம்பி, கடைசிப் பந்துக்கு உரிமை வந்தது" என்று இன்றும் சொல்லுவர்.

ஆனால், நெடிய ஆட்டத்தின் பக்கம் மட்டுமே சான்று கூறின் நேர்மையாகாது. ஓராண்டு கழிந்து 1987 அக்டோபர் 9ஆம் நாள், அதே களத்தில், அதே ஆஸ்திரேலியாவோடு உலகக் கோப்பையின் ஒருநாள் ஆட்டம். டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து எல்லைக்கோட்டைத் தரையில் கடந்ததா, மேலே கடந்ததா என்ற ஐயத்தில் நான்கென்று குறிக்கப்பட்டது. இடைவேளையில், இந்தியத் தலைவர் கபில்தேவ் உடன்பட, அஃது ஆறென்று திருத்தப்பட, ஆஸ்திரேலியாவின் 268 ஓட்டம் 270 ஆயிற்று. இந்தியா எடுத்தது 269. இறுதியில் வீழ்ந்தவர் மீண்டும் அந்த மணிந்தர் சிங்கே! ஒரு நாளில் முடியும் ஆட்டத்தில் இத்துணை நெருக்கமும், ஒரு தலைவரின் பெருந்தகைமையும் வெளிப்படக் கூடுமாயின், குறிய ஆட்டத்தில் சாரமில்லை என்பது எங்ஙனம் பொருந்தும்?

காண்பார் பண்பைப் பற்றியும் இவ்வாறே. 1999 சனவரி 31ஆம் நாள் பாகிஸ்தான் 12 ஓட்டத்தில் வென்றபோது, டெண்டுல்கர் 136 எடுத்தும் தோற்ற வேதனையோடு சேப்பாக்கத்து மக்கள் எழுந்து நின்று வென்றவரை வாழ்த்தினர். எம் தந்தையார் அக்கூட்டத்தில் நின்றவர். கைதட்டியபோது அழுதுகொண்டிருந்ததாகச் சொல்லுவர். டெஸ்டு ஆட்டமே அப்பண்பை வளர்த்தது என்பர் சிலர். ஆயின் 1997இல் சயீத் அன்வர் ஒருநாள் ஆட்டத்தில் 194 ஓட்டம் எடுத்தபோதும் இக்களத்து மக்களே அவரைப் பாராட்டினர். பண்பு களத்துக்குரியதே அன்றி ஓவர்க்கணக்குக்கு உரியதன்று என்றே யாம் கருதுகிறோம்.

நிற்க. இவ்வழக்கில் எவரும் எடுத்துரையாத ஒன்றுண்டு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்து இளைஞருக்குக் குறிய ஆட்டம் புதியதே அன்று. ஐ.பி.எல். தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே, நீர் வற்றிய ஏரிப்படுகையிலும், மனைபிரித்து வீடெழாத நிலத்திலும், எட்டு ஓவர், பத்து ஓவர் என்றே இங்கு ஆடி வந்தனர். காரணம் எளிது. களம் ஒன்று, ஆட விழைவார் பலர். ஞாயிற்றுக்கிழமை ஒரே திடலில் மூன்று ஆட்டம் ஒருங்கே நடக்கும். ஓர் ஆட்டத்தின் பந்து தடுப்பவர் மற்றோர் ஆட்டத்தின் மட்டையாளருக்கு முதுகு காட்டி நிற்பார். எந்தப் பந்து எவருடையது என்பதே பெரிய வழக்காகும். பந்தோ டென்னிஸ் பந்து. பந்தயம் பெரும்பாலும் குளிர்பானம். மேலும், 1960க்குப் பின் ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலைகள் பெருகின. மூன்று ஷிப்டில் உழைக்கும் ஊரிலே பதினொருவர் ஒருங்கே கூடுவது இரண்டு மணி நேரத்துக்கே இயலும். எம் போன்றார்க்கு வேறொரு வரையறையும் உண்டு: காலை ஆராதனை முடிந்து, வீட்டில் உண்டு, வெயில் தாழ்வதற்குள் ஆட்டம் தொடங்க வேண்டும். ஆகவே பெருங்களத்தார் 2003இற் கண்டுபிடித்ததை எம் ஏரிக்கரையார் தேவையால் முன்னரே அறிந்திருந்தனர். சேப்பாக்கத்தில் ஐந்து நாள் அமர்ந்து காண்பதற்கு வேண்டுவது ஆர்வம் மட்டுமன்று. ஐந்து நாள் ஓய்வும் வேண்டும்.

உணவு நேரத்தில் எம் வீட்டில் நிகழ்வது இது. "தம்பி, உங்கள் ஆட்டத்தில் கறியும் இருக்கிறது, காரமும் இருக்கிறது, சோறு எங்கே?" என்பர் பாட்டனார். "சோறாக்க ஐந்து நாள் லீவு யார் கொடுக்கிறார்கள், அப்பா?" என்பர் தந்தையார். யாம் வாய் திறப்பதில்லை. ஏனெனில் அன்று மாலை 7.30க்கு மஞ்சள் சட்டையணிந்து தொலைக்காட்சி முன் அமரப்போவது யாமே.

குறிய ஆட்டம் செய்த நன்மையையும் மறைத்தல் ஆகாது. சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டி நடராசன் டென்னிஸ் பந்தில் எறியக் கற்றவர். 2016இல் தோன்றிய தமிழ்நாடு பிரிமியர் லீக்கு அவரை வெளிக்கொணர்ந்தது, 2017இல் ஐ.பி.எல். சேர்ந்தார், ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சிப் பந்தாளராகச் சென்றவர், 2020 டிசம்பர் முதல் 2021 சனவரிக்குள் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். ஏரிக்கரைச் சிறுவருக்குக் கதவு திறந்தது குறிய ஆட்டமே. அசுவினும் தம் சொடக்குப் பந்தைத் தெருவில் டென்னிஸ் பந்திலிருந்தே பயின்றவர். அக்கையே பின்னர் 537 டெஸ்டு விக்கெட்டு வீழ்த்தியது. ஆனால் எம் மாநிலத்துக் கணக்கை நோக்கின் உள்ளம் இருகூறாகிறது. இருபது ஓவர் முஷ்தாக் அலி கோப்பையைத் தமிழ்நாடு 2021 என்னும் ஒரே ஆண்டில், சனவரியிலும் நவம்பரிலுமாக, இருமுறை வென்றது. நான்கைந்து நாள் ஆடும் ரஞ்சிக் கோப்பையோ 1955, 1988 ஆகிய இருமுறையே கிட்டியது; அதன்பின் 2025 வரை கிட்டவில்லை. அந்த ரஞ்சிப் போட்டியின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் தொடங்கி, ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டு வீழ்த்த, மைசூரை வென்று அன்றைக்கே முடிந்துவிட்டது என்பது வரலாற்றின் விளையாட்டு.

இனி, முன் குறித்த 24 பந்துகளுக்கு வருவோம். எம் திடலில் ஆடும் நண்பர் ஒருவர் மணிக்கட்டால் பந்தைச் சுழற்றுபவர். எட்டு ஓவர் ஆட்டத்தில் அவருக்குக் கிட்டுவது இரண்டே ஓவர். ஒரு பந்தை மேலே தூக்கி எறிந்து அஃது ஏரிக்கரைக்கு அப்பால் விழுந்துவிட்டால், அடுத்த ஓவரை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவர். ஆகவே அவர் நாளடைவில் பந்தைத் தட்டையாகவும் விரைவாகவும் வீசப் பழகினார். அடி படுவதில்லை, சுழலும் இல்லை. "நான் இப்போது பந்து போடுவதில்லை, அடிவாங்காமல் தப்பிக்கிறேன்" என்று அவரே கூறினார். அச்சொல் எம்மை வருத்தியது.

சென்ற கோடையில் திடலின் இரு கட்சியாரும் கூடி, சனி ஞாயிறு இரு நாளும் ஒரே ஆட்டம் ஆடுவதென முடிவு செய்தோம். கார்க்குப் பந்து கடன் வாங்கினோம். முதல் நாள் நண்பர் தொடர்ந்து 17 ஓவர் வீசினார். தொடக்கத்தில் மூன்று ஆறு விழுந்தன; எவரும் பந்தைப் பறிக்கவில்லை. நான்கு ஓவர் ஒரே இடத்தில் வெளிப்புறம் திரும்பும் பந்தே வீசினார். மட்டையாளர் அதற்கே காலெடுத்து வைக்கப் பழகினார். பதினைந்தாம் ஓவரில் அதே கையசைவில் உள்ளே திரும்பும் பந்து ஒன்று, நடுக்கோல் சாய்ந்தது. வீழ்ந்தவரும் திரும்பி நோக்கிச் சிரித்தார். இருபது ஓவர் ஆட்டத்தில் அப்பந்து பிறக்கவே இடமில்லை; ஏனெனில் அதன் தாய்ப்பந்துகள் இருபத்துநான்குக்கு மேற்பட்டவை. கபிலர் ஐங்குறுநூற்றின் குறிஞ்சியும் பாடினார். 261 அடியிற் குறிஞ்சிப்பாட்டும் பாடினார். சிறியதில் வல்லவர்க்கும் பெரியது பாட இடம் இருந்தது. எம் நண்பருக்கு அவ்விடம் ஒரு சனிக்கிழமை கிட்டியது.

மறுநாள் ஞாயிறு. பின்னேரம் திடலுக்குச் சென்றோம். எம் கட்சியில் மூவர் வரவில்லை. தொழிற்சாலையில் மிகைநேரப் பணிக்கு அழைத்துவிட்டனர். எதிர்க்கட்சியில் இருவர் ஊரில் இல்லை. எஞ்சியோர் சிறிது நேரம் நின்றோம். பின்னர் பக்கத்தில் ஆடியவரோடு சேர்ந்து ஆறு ஓவர் வீதம் இரண்டு ஆட்டம் ஆடினோம். அவையும் இன்பமாகவே இருந்தன. நெடிய ஆட்டத்தின் கணக்கு நோட்டு எம்மிடமே இருக்கிறது: எதிர்க்கட்சி 162, எம் கட்சி 4 விக்கெட்டுக்கு 71. பாட்டனார் வாரந்தோறும் அதன் முடிவு என்னவென்று வினவுகிறார்; பொங்கல் விடுமுறையில் ஆடுவோம் என்று சொல்லியிருக்கிறோம்.