மை இல்லாத காயம்

இரண்டாம் உலகப் போர் நடந்த 1943-ல் வங்காளத்தில் கொடும் பஞ்சம். ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்தார்கள். ஓவியர் சித்தபிரசாத் மேதினிபூரில் ஊர் ஊராக நடந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்த மக்களைக் கறுப்பு மையில் வரைந்து, 'பசித்த வங்காளம்' என்ற நூலாக்கினார். வெள்ளையர் அரசு அதைப் பறித்து எரித்தது.

ஆனா பாருங்க, அவர் கத்துக்கொடுத்ததை எரிக்க முடியலை! அவரிடம் பழகிய சோம்நாத் ஹோர் என்ற இளைஞரும் சிட்டகாங்கில் பசித்தவர்களை வரைந்தார். அந்த நினைவு ஆறவே இல்லை. 1970-களில் 'காயங்கள்' என்ற வரிசையைப் படைத்தார். களிமண் பலகையைக் கத்தியால் கீறி, சிமெண்டில் அச்செடுத்து, அதில் காகிதக் கூழை அழுத்தினார். மையே கிடையாது. வெள்ளைத் தாளில் வெள்ளைத் தழும்பு! ரத்தம் காட்டாமலே வலி தெரியுது.

வரலாற்றுப் பாடத்தில் பஞ்சம்னு ஒரு வரி படிச்சுட்டுப் போறோம். அந்த ஒரு வரிக்குள்ளே எத்தனை முகம்!