கிண்ணமும் அளவுகோலும்

"அக்காலக் காற்பந்து வீரர்களுக்கு இன்றையோர் ஈடாவரோ?" எனப் பெரியோர் கேட்பர். "அவர்கள் வென்ற கிண்ணம் எங்கே?" என நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். கிண்ணத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், ஒரு தலைமுறைக்கே அநீதி இழைத்தவராவோம்.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது நம் நாட்டுக் குழு. கோல் காவலர் ஆர். ஆறுமுகம், நீண்ட கரங்களால் 'சிலந்தி மனிதர்' எனப் பெயர் பெற்றவர். முன்னணி ஆட்டக்காரர் பத்து வாய்ப்புகளைத் தவறவிட்டாலும் ஒரு கோல் அடித்தால் மன்னிக்கப்படுவார். காவலர் ஒருமுறை நழுவவிட்டாலோ ஊரே தூற்றும்! ஆயினும், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா அவ்விழாவைப் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் ஆடியது. உலக அரங்கில் அக்குழு எவ்வாறு நின்றிருக்கும் என்பதைக் காணும் பேறு எவருக்கும் வாய்க்கவில்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார்.

முன்னாள் தேசிய ஆட்டக்காரரான கே. இராஜகோபாலுக்கு வாய்த்ததோ வேறு சோதனை. 2010இல் அவர் பயிற்றுவித்த இளங்குழு, ஆசியான் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோற்றது. பயிற்றுநர் உறங்கியிருப்பாரா? அதே மாதம் 26ஆம் நாள், இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் அதே இந்தோனேசியாவைப் புக்கிட் ஜாலிலில் 3-0 என வென்றனர். 29ஆம் நாள் ஜகார்த்தாவின் பேரிரைச்சலிடையே 1-2 எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றினர். அன்று இந்தோனேசியாவின் பெனால்டி உதையைத் தடுத்துக் குழுவைக் காத்தவரும் ஒரு கோல் காவலரே. அவர் பெயர் கைருல் ஃபாமி.