கன்சோலா, கணினியா?

கேள்வி: பகாவ் அருகே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். படிவம் மூன்று படிக்கும் மகன் பிளேஸ்டேஷன் 5 கேட்கிறான். கன்சோல் காலம் முடிந்தது, கணினி வாங்கு என்கிறான் என் தம்பி. எதை வாங்கலாம்?
– ஒரு தாய், நெகிரி செம்பிலான்

பதில்: அம்மா, உங்கள் தம்பி சொல்வது பாதி உண்மை. கன்சோலுக்கென்றே வெளியான விளையாட்டுகள்தான் அதன் பலம். அந்த வேலி இப்போது சரிகிறது. சோனியின் ‘காட் ஆஃப் வார்’ 2022-இல் கணினிக்கு வந்தது. மைக்ரோசாப்டின் ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ 2025-இல் பிளேஸ்டேஷனுக்கே வந்தது. ஆனால் 2017-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக், கணினி விளையாட்டைக் கைக்குள் அடக்கியது. ஆகவே கன்சோல் அழியாது, உருமாறும்.

தோட்டத்தில் இருப்பவர்கள் முதலில் இணையத்தைப் பாருங்கள். பெரிய விளையாட்டுகள் சில 100 ஜிபியைத் தாண்டும். கைப்பேசி டேட்டாவில் இறக்கினால் மாதக் கோட்டா அதிலேயே தீர்ந்துவிடும். பிளேஸ்டேஷன்தான் என்றால் வட்டு போடும் வசதி உள்ளதை வாங்குங்கள். ஆடி முடித்த வட்டை விற்கலாம், நண்பர்களோடு மாற்றிக்கொள்ளலாம். இணையத்தில் வாங்கி இறக்கியதை அப்படிச் செய்ய முடியாது.

வீட்டில் கணினி இல்லையென்றால் முதலில் கணினியே வாங்குங்கள், எஸ்.பி.எம். வரை படிப்புக்கும் கைகொடுக்கும். எதுவானாலும் கையிலுள்ள வெள்ளிக்கு வாங்குங்கள். விளையாட்டுக்காகக் கடன் வேண்டாம்.