ஆறு மாதம் என்று எழுதிய கட்டம்

கொல்கத்தா, லேக் மார்க்கெட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி ஆபீஸ் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். பார்த்ததும் அழித்துவிட்டேன். இனி அப்படி அனுப்பாதே. இரண்டு மாத இன்டர்ன்ஷிப் என்றாலும் அது கம்பெனியின் கணக்கு, பெரியம்மாவுக்குக்கூடக் காட்டக் கூடாது. உன் போனிலிருந்தும் எடுத்துவிடு.

ஆனால் அதில் ஒரு கட்டம் மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வடக்குக் கல்கத்தாவில் ஒரு பழைய வீட்டை வாங்கி, இடித்துக் கட்டினால் என்ன வரும் என்ற கணக்கு. 'குடியிருப்போர் காலி செய்ய: 6 மாதம்' என்று போட்டிருந்தாய். "சார் போடச் சொன்னார், போட்டேன். சரிதானே பெரியம்மா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் நின்றுபோகும், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கணக்கு வேண்டாம், நானே ஒன்று போடுகிறேன். 10 கோடி போட்டு 16 கோடி எடுக்கும் திட்டம். பணம் மூன்று வருஷத்தில் திரும்பினால் ஆண்டுக்குச் சுமார் 17 சதவீதம் நிற்கும். அதே 16 கோடி ஐந்து வருஷம் கழித்து வந்தால் 10 சதவீதம்கூடத் தேறாது. வீடும் அதே, விலையும் அதே, தாமதம் மட்டும் இரண்டு வருஷம். இவ்வளவும் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஏழு சதவீதத்தை விடக் கூடாது என்று யாராவது கிளம்பிப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கதவுக்கு உள்ளே நாங்கள் இருந்திருக்கிறோம். கல்யாணமாகி வந்த புதிதில் உன் பெரியப்பாவும் நானும் குடியிருந்த வீட்டை நீ பார்த்ததில்லை. கீழே இரண்டு அறை, வழவழவென்று சிவப்புத் தரை, பச்சை வர்ணம் அடித்த மரப்பட்டை ஜன்னல். வீடு கைமாறியது. வாங்கிய புரமோட்டர் (இந்த ஊரில் பில்டரை அப்படித்தான் சொல்வார்கள்) ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. மாடிப்படி பல்பு போனது, யாரும் மாற்றவில்லை. பம்ப் நின்றது, ரிப்பேருக்கு ஆள் வரவில்லை. முற்றத்தில் லாரி லாரியாக இடிசல் கொண்டுவந்து கொட்டினார்கள். மேல்மாடியில் தனியாக இருந்த மாஷிமா, எழுபது வயசுக்காரி, தெருக்குழாயிலிருந்து அரை வாளி அரை வாளியாக ஏற்றினாள். ஒவ்வொரு படிக்கும் வாளியைக் கீழே வைத்து மூச்சு வாங்குவாள். வாளி தரையில் படும் அந்தச் சத்தத்தைத்தான் நேற்று உன் கட்டத்தைப் பார்த்ததும் கேட்டேன். எட்டாம் மாதம் நாங்கள் காலி செய்தோம். எங்கேயோ ஒரு தாளில் எங்களையும் ஒருவர் மாதக் கணக்காக எழுதியிருப்பார்.

அதனால் வேலையை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். பழைய வீடுகள் பல இடிந்து விழும் நிலையில் இருக்கின்றன. சொந்தக்காரர்களுக்கு வரும் சொற்பப் பழைய வாடகையில் கூரைக்குக் காரை பூசக்கூட முடியாது. இந்த மாநிலத்தில் 1956-ல் ஒரு வாடகைச் சட்டம் வந்தது, அதற்குப் பதிலாக 1997-ல் இன்னொன்று. வீட்டுக்காரர் வாடகை வாங்க மறுத்தால் ரென்ட் கன்ட்ரோலரிடம் கட்டிவிட்டு இருக்கலாம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பேசித் தீர்த்து, குடியிருந்தவர்களுக்குப் புது வீட்டிலேயே ஒரு ஃபிளாட் கொடுத்த புரமோட்டர்களையும் பார்த்திருக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: 6 என்ற எண் எங்கிருந்து வந்தது? அங்கே இருப்பவர்களில் ஒருவரிடமாவது கேட்டு வந்ததா?

சார் அனுமதித்தால் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போய்வா. மாடிப்படிக்கு அடியில் கரி படிந்த பலகையில் சி.இ.எஸ்.சி. மின் மீட்டர்கள் வரிசையாக இருக்கும், எண்ணு. காகிதத்தில் நாலு குடித்தனம் என்றிருக்கும், மீட்டர் ஏழு ஓடும். எத்தனை இடத்தில் அடுப்பு எரிகிறது என்று பார். சொந்தக்காரர் யார் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்ல மாட்டார்கள், மூன்று தலைமுறைப் பங்காளிகளைச் சொல்வார்கள். நம் பக்கத்து மிதாட்சர வழக்கை நினைத்துக்கொண்டு 'பூர்வீகச் சொத்து, பிறந்ததுமே பங்கு' என்று கணக்குப் போடாதே. வங்காளத்தில் வழிவழியாக வந்தது தாயபாகம். அப்பா இருக்கும்வரை பிள்ளைக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. யாருடைய கையெழுத்து எப்போது வேண்டும் என்பதே இதில் மாறிப்போகும். பஸ்தி (குடிசைப் பகுதி) நிலம் என்றால் இன்னும் சிக்கல். டிகா குடிவாரத்தில் இருந்த நிலம் 1981 சட்டத்தில் அரசுக்குப் போயிற்று. குடிசை ஒருவருடையது, உள்ளே வாடகைக்கு இருப்பவர் மூன்றாமவர்.

இன்னொரு விஷயம். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். தொண்ணூறுகளில் ஒரு வங்கியில் வீட்டுக் கடன் மேசை என்னுடையது. பைபாஸுக்குக் கிழக்கே ஒரு ஃபிளாட்டுக்குக் கடன் கேட்டு இளம் தம்பதி வந்தார்கள். பிப்ரவரியில் இடம் பார்க்கப் போனேன். தரை காய்ந்து கிடந்தது. வேலி ஓரமாகச் சேம்பு இடுப்பளவு தழைத்து நின்றது. இந்த வெயிலில் எதைக் குடித்து இப்படி வளர்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. கடனுக்குப் பரிந்துரைத்தேன். ஜூலையில் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். மறுவருஷம் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் குறுக்கே பிளந்தது. அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள், ஒன்றும் பேசவில்லை. கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பழைய பர்ச்சாவில், நம் ஊர்ப் பட்டா மாதிரி, தாக் (மனை) எண்ணுக்கு நேராக நிலத்தின் வகை எழுதியிருந்தது: 'புக்குர்'. குளம். கோப்பில் முதலிலிருந்தே இருந்த தாள்தான். வங்காளியில் இருந்ததால் நான் படிக்கவில்லை; கூட வந்தவர் வாய்மொழியாகச் சொன்னதை எழுதிக்கொண்டேன். அதன் பிறகுதான் வங்காளி எழுத்துப் படித்தேன்.

இந்த ஊரின் தரை அப்படி, பாப்பா. சால்ட் லேக் முழுவதும் உப்பு ஏரிச் சதுப்பு. 1960-களில் ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து நிரப்பி எழுப்பியது. அதற்குக் கிழக்கே இன்னும் ஏறக்குறைய 12,500 ஹெக்டேர் ஈரநிலம் இருக்கிறது. நகரத்துச் சாக்கடைத் தண்ணீர் அங்குள்ள பேரி என்ற மீன்குளங்களில் தேங்கித் தெளிந்து மீன் வளர்க்கிறது. 2002-ல் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதன் ஓரத்தில் மலிவாக ஒரு மனை வந்தால், மலிவு எதனால் என்று முதலில் கேள். 2019 ஆகஸ்ட் கடைசியில் போபஜாரில் மெட்ரோ சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் பீறிட்டு, மேலே தெருவோடு வீடுகள் சரிந்தன. 2024 மார்ச்சில் கார்டன் ரீச்சில் அனுமதியின்றிக் கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடி, பக்கத்துக் குடிசைகள் மேல் விழுந்து மக்கள் செத்தார்கள். 2025 ஜனவரியில் பாகாஜதினில் ஒரு நாலு மாடி அப்படியே சாய்ந்தது.

ஆகவே பர்ச்சாவை நீயே படி. கட்டா என்றால் 720 சதுர அடி, சட்டாக் 45. மூன்று கட்டா பத்து சட்டாக் என்றால் 2,610, நம் கிரவுண்டை விடக் கொஞ்சம் கூட. 'பாஸ்து' என்றால் குடியிருப்பு மனை, 'ஷாலி' நெல் வயல். ஆமின் (நில அளவையாளர்) அளக்கப் போகும்போது கூடப் போகக் கேள். உன் இரண்டு மாதத்தில் பருவமழையைப் பார்க்க மாட்டாய், அது இங்கே ஜூனில்தான் இறங்கும். கால்பைஷாகி (கோடைப் புயல்மழை) ஒன்று அடித்துப் பெய்த மறுநாள் காலையில் போ. சுவரில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் என்று பார். ரோட்டை மேலே மேலே போட்டு, வாசற்படி தெருவுக்குக் கீழே போயிருக்கிறதா என்று பார். டீக்கடையில் ஒரு பாண்ட் (மண்குவளை) டீ வாங்கிக்கொண்டு, தண்ணீர் எதுவரை வரும் என்று கேள். கையை வைத்துக் காட்டுவார்கள்.

ரெராவைப் பற்றிக் கேட்டிருந்தாய். ரியல் எஸ்டேட் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் 2016 சட்டம் அது; வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இந்த மாநிலம் 2017-ல் ஹிரா என்று தனக்கொரு சட்டம் போட்டது. வீடு வாங்குவோர் அமைப்பு வழக்குக்குப் போய், 2021 மே 4 அன்று உச்ச நீதிமன்றம் ஹிரா செல்லாது என்றது. தீர்ப்பைப் படி.

நியூ டவுனில் தினமும் தாண்டிப் போகிறாயே, கேண்டர் டெக்ஸ்பேஸ், அது புரூக்ஃபீல்டு இந்தியா ரீட்டில் (வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் முதலீட்டு அறக்கட்டளை) ஒரு சொத்து. அந்த ரீட் 2021 பிப்ரவரியில் பங்குச்சந்தைக்கு வந்தது. பகிரக்கூடிய பணத்தில் 90 சதவீதமாவது யூனிட்காரர்களுக்குப் போக வேண்டும் என்பது விதி. அதன் அறிக்கைகளைப் பார், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எந்த ஆண்டில் எவ்வளவு குத்தகை முடிகிறது என்று வருஷவாரியாக எழுதியிருப்பார்கள். அங்கே வாடகைக்கு இருப்பவர்தான் சொத்துக்கே மதிப்பு. பழைய வீட்டில் வாடகைக்கு இருப்பவர் ஒரு கட்டம், அதில் ஒரு எண். இரண்டு பேரையும் ஒரே கவனத்தோடு எழுதப் பழகிக்கொள் என்பது நான் உன்னிடம் கேட்டுக்கொள்வது.

சாரிடம் சண்டை வேண்டாம். குறிப்பில் இப்படி எழுது: '6 மாதம் என்பது குடியிருப்போரிடம் பேசாமல் வைத்த அனுமானம். 6, 18, 36 மாதங்களுக்கு விகிதம் இவ்வாறு மாறுகிறது. மாற்று வீடோ பணமோ கொடுக்கும் செலவைத் தனி வரியாகச் சேர்த்திருக்கிறேன்.' நல்ல அதிகாரி என்றால் அந்தத் தனி வரியை வைத்துக்கொள்வார். அழித்துவிடச் சொன்னால், அதையும் தெரிந்துகொண்டாய் என்று வைத்துக்கொள். அடுத்த வருஷம் எங்கே வேலைக்குச் சேரலாம் என்று முடிவு செய்ய உதவும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடு. இட்லிக்கு அரைத்து வைக்கிறேன். காலேஜ் ஸ்ட்ரீட்டில் உனக்காக ஒரு பர்ணபரிச்சய் வாங்கியிருக்கிறேன். 1855-ல் வித்யாசாகர் எழுதிய அரிச்சுவடி, நான் படித்ததும் அதில்தான். 'புக்குர்' மூன்றே எழுத்து. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம்.

அன்புடன்,
பெரியம்மா