பெட்ரோல் எங்கே நிற்கிறது?

ஒசூர் சாலையில் இருக்கிறது பொம்மசந்திரா. பெங்களூரின் தெற்கு ஓரம். தொழிற்சாலைகள் நிறைந்த இடம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பலர் இங்கே குடியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் இங்கே மெட்ரோ ரயில் வந்தது. ரயில் வந்தது நல்லதுதான். ஆனால் சில வீடுகளில் மோட்டார் சைக்கிள் வாசலிலேயே நின்றுவிட்டது.

அப்படி நின்றது ஒரு பழைய யெஸ்டி. மைசூரில் 1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்தார்கள். அங்கே செய்த வண்டி அது. மாமனார் கொடுத்தது. மூன்று மாதமாக யாரும் அதைத் தொடவில்லை.

ஒரு நாள் நள்ளிரவு. மனைவிக்குக் கடுமையான வயிற்று வலி. அந்த நேரத்தில் ரயில் கிடையாது. வண்டிக்காரர் கிக்கரை உதைத்தார். இருபது முறை உதைத்தார். வண்டி கிளம்பவில்லை. ஆட்டோ தேடி அலைந்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மருத்துவமனைக்குப் போனார்கள்.

மறுநாள் ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். "கார்புரேட்டரையே மாற்ற வேண்டும்" என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவர் பழைய ஒர்க்‌ஷாப் ஆள். அவர் தடுத்தார்.

"பொறு தம்பி. பெட்ரோல் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்போம்."

"எப்படி அண்ணே தெரியும்?"

"அது போகிற வழியிலேயே நாமும் போவோம். டேங்க், காக், ட்யூப், கார்புரேட்டர். அவ்வளவுதான் வழி."

முதலில் வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளினார்கள். என்ஜின் சூடாக இருக்கக் கூடாது. பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்த் தீப்பிடிக்கும்.

பெரியவர் பிளக்கைக் கழற்றினார். முனை காய்ந்து கிடந்தது. அத்தனை உதைத்தும் காய்ந்திருந்தால், பெட்ரோல் வரவில்லை என்று பொருள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. அப்போது கோளாறு பிளக்கில் இருக்கலாம். அல்லது பெட்ரோல் அதிகமாக வந்திருக்கலாம்.

அடுத்து டேங்க். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. உள்ளே துரு தெரிந்தது. பெயிண்ட் போலப் புளித்த வாடை வந்தது. பெட்ரோல் கெட்டுப் போனதற்கு அதுதான் அடையாளம்.

மூடியில் சிறு துளை உண்டு. அதன் வழியே காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். துளை அடைத்தால் வண்டி கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் தளர்த்தினால் மறுபடி ஓடும். இந்த வண்டியில் துளை சரியாக இருந்தது.

பிறகு ட்யூபைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டார். காக்கைத் திறந்தார். பெட்ரோல் நூல் போலத் தொடர்ந்து விழ வேண்டும். ஆனால் சொட்டுச் சொட்டாக விழுந்தது. காக்கைக் கழற்றினால், உள்ளே இருந்த வலை முழுக்கத் துரு. பாட்டிலை அசைக்காமல் வைத்தார்கள். அடியில் தனியாகத் தண்ணீர் நின்றது.

தண்ணீர் எப்படி வந்தது? இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் சாராயம் அது. 100 லிட்டரில் 20 லிட்டர் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அதைத் தொடங்கிவைத்ததும் பெங்களூரில்தான். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். தினமும் ஓடும் வண்டியில் பெட்ரோல் தங்குவதில்லை. நிற்கும் வண்டிக்குத்தான் தொல்லை. பழைய வண்டியின் ரப்பர் ட்யூப், வாஷர் எல்லாம் எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல. ஊறி, வெடித்து, ஒழுகலாம். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டேங்கைக் கழுவி, வலையைச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றினார்கள். யெஸ்டிக்கு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். இப்போது பாட்டிலில் நன்றாக விழுந்தது. வண்டியும் கிளம்பியது. ஆனால் சோக்கைத் தள்ளியதும் நின்றுவிட்டது.

"இப்போதுதான் கார்புரேட்டர்" என்றார் பெரியவர்.

சோக் போட்டால் மட்டும் ஓடுகிறதா? சிறிய ஜெட் அடைத்திருக்கும். பெட்ரோல் ஆவியாகிப் போனதும், ஆயிலும் பிசினும் அந்த மெல்லிய துளையில் ஒட்டிக்கொள்கின்றன. ட்யூபில் நன்றாக வந்தும் கார்புரேட்டர் கிண்ணம் காலியாக இருந்தால், மிதவையின் ஊசி ஒட்டியிருக்கும். வெளியே வழிந்தால் ஊசி சரியாக மூடவில்லை, அல்லது மிதவை ஓட்டை.

ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை பெரிதாகிவிடும். பிறகு வண்டி பெட்ரோலைக் குடிக்கும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பம்பால் காற்றடிக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது. பெட்ரோல் விஷம்.

மாலைக்குள் வண்டி ஓடியது. புதிதாக வாங்கியது ஒரு ட்யூபும் இரண்டு வாஷரும்தான்.

இப்போது அவர் வாரம் ஒரு முறை அத்திபெலே வரை ஓட்டிவிட்டு வருகிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் முன் காக்கை மூடினார். என்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டார். கார்புரேட்டரில் பெட்ரோல் மீதி இல்லை.