ஈரமும் காற்றும் சேர்ந்தால்

கொல்லிமலை வாசலூர்பட்டி படகு இல்லத்தில் சவாரி முடித்து, நனைந்த சட்டையோடு கரையேறும் பிள்ளைகள் நல்ல வெயிலிலும் நடுங்குவார்கள். காரணம் காற்று. ஈரத்தின் மேல் நீராவி நிறைந்த மெல்லிய படலம் ஒன்று போர்வைபோல் தங்கியிருக்கும். காற்று வீசினால் அது விலகி, ஈரம் குறைந்த புதுக்காற்று வந்து சேரும். நீர் விறுவிறுவென ஆவியாகும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பங்கு உடம்பிலிருந்துதான் போகிறது. எனவே ஈரச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டாதீர்கள். முதலில் கழற்றுங்கள், தலையை அழுந்தத் துவட்டுங்கள், பிறகு போர்த்துங்கள்.

மண்பானையும் இப்படித்தான் குளிர்கிறது. காற்றோட்டமான திண்ணையில், ஈரமணல் மேல் வையுங்கள். அழகுக்காக வெளியே பெயிண்ட் அடித்த பானையை வாங்கவே வேண்டாம், நீர் கசிந்து ஆவியாகும் நுண்துளைகள் அடைபட்டுவிடும்.

குளிக்கக் காய்ச்சிய வெந்நீரைத் திறந்து வைத்தால் சூடு ஆவியோடு போய்விடும். தட்டுப் போட்டு மூடுங்கள். குழந்தைக்குப் பால் சீக்கிரம் ஆற வேண்டுமா? அகலமான டபராவில் ஊற்றி ஆற்றுங்கள்.

மிளகு காயவைப்பவர்களே, களத்தில் மெல்லியதாகப் பரப்பி அடிக்கடி கிளறுங்கள். மூடுபனி நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் எதுவும் லேசில் காயாது.

படகுக்குப் போகும்போது ஆளுக்கொரு உலர்ந்த துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.